படம் சரியில்லை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது கோழி கிளறிய மண் மாதிரிதான் இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பஞ்சர் ஒட்டிப் பழகிய கையில் பேனா வழுக்குகிறது. மகள் படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்று சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேசுகிற ஆள் இல்லை நான். வாயில் வராததை எழுதியாவது பார்ப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் உலகக் கோப்பை நடந்தபோது என் கடை வாசலில் பையன்கள் கூடி, ஒரே செல்போனில் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஆட்டம் பார்த்தார்கள். பந்து கோலை நெருங்கும் நேரமாகப் பார்த்துப் படம் நின்றுவிடும். நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். “ச்சே, படமே சரியில்ல!” என்று ஒருவன் கத்தினான். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். “என்னா அங்கிள் சிரிக்கிறீங்க?” என்று கேட்டான். பதில் சொல்ல வரவில்லை. டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தப் பதில்தான் இது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட்டில் குடியிருந்தோம். அப்பா வெளித்தீவு ஒன்றில் மரம் வெட்டும் கேம்ப்பில் இருந்தார். கப்பல் கிடைக்கும்போது வருவார். அதனால் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஆம்பளை என்றால் பக்கத்து வீட்டு மாமாதான், அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேரும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, மெயின்லேண்டில் கொஞ்ச காலம் அலைந்து, கடைசியில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

மாமா கல் லாரி ஓட்டினார். லாரி முதலாளியுடையது. முதலாளி ராமநாதபுரம் பக்கத்துக்காரர். வீடு கட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர். மாமாவுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் மாமா கால்பந்து டீமில் முன்வரிசையில் ஆடியவர். பந்தைப் பின்னால் தள்ளுவது அவருக்குப் பிடிக்காத காரியம். ரோட்டில் பையன்கள் ஆடினால்கூட லாரியை ஓரம் கட்டிவிட்டு, “டேய், கோலு அந்தப் பக்கம் இருக்கு, ஒன் வீட்டுப் பக்கமா ஏன்டா ஓட்டுற?” என்று சத்தம் போடுவார்.

பள்ளி இல்லாத நாட்களில் என்னை லாரியில் ஏற்றிக்கொள்வார். அந்த வருடம்தான் இது ஆரம்பித்தது. மற்ற நாட்களில் அந்த இடது சீட்டில் கிளீனர் அண்ணன் இருப்பான். அவன் ஒரு லொடலொட வாய். “அண்ணே பஸ்ஸு வருது, அண்ணே பள்ளம், அண்ணே லெஃப்ட்ல ஒரு ஆயா” என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவான். நான் ஏறும் நாளில் அவனை மாமா பின்னால் கல் மேல் அனுப்பிவிடுவார். எனக்கும் மாமாவுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. முன்னால் வருவதை யார் முதலில் பார்த்துச் சொல்வது என்று போட்டி.

“மருமகனே, நீயா நானா பாப்போம். சொல்லு, என்னா வருது?”

“ஜீப்பு மாமா!”

“அட, முந்திக்கிட்டானே பய!”

ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயிப்பேன். மாமா ஒரு முறைகூட முந்தியது கிடையாது. பள்ளியில் எதிலும் முதலாக வராத எனக்கு அந்த லாரிக்குள் அப்படி ஒரு பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோத்ராபூர் தாண்டி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. நான் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்ததால் விளையாட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். நிமிர்ந்தபோது கறுப்பு மழைக்கோட்டில் ஒருவர் சைக்கிளில் எங்களுக்கு நேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

“சைக்கிள்! மாமா, சைக்கிள்!”

மாமா பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் கல்லெல்லாம் சரிந்தது. கிளீனர் அண்ணன் அலறினான். சைக்கிள்காரர் பாதையை விட்டு இறங்கிச் சேற்றில் காலை ஊன்றி நின்றார். திரும்பியதும்தான் தெரிந்தது, எங்கள் ஊர் டீக்கடைச் சேட்டன். கேரியரில் பால் கேன் கட்டியிருந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. மாமாவின் பக்கம் வந்து, மழையில் நனைந்தபடி, மாமாவின் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவும் அவர் நின்ற பக்கமாகப் பார்த்தார். “யாரு?” என்று கேட்டார். சேட்டன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மாமாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அதைத் துடைத்துக்கொண்டு, “நீதான் ஜெயிச்ச மருமகனே” என்றார்.

அந்தப் பெருமையை நான் அன்றைக்கே அத்தையிடம் போய் அளந்தேன். எத்தனை முறை ஆடினாலும் மாமா தோற்றுத்தான் போகிறார் என்று சொன்னேன். சைக்கிள் கதையையும் சொன்னேன். அத்தை சாதம் வடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி தட்டிலிருந்து வழிந்து தரையில் ஓடியது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“இனிமே நீ லாரியில போவாத” என்றார். நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டார். “இல்ல... போ சாமி. ஆனா தின்னுக்கிட்டு இருக்காத. நல்லா முன்னாடியே பாத்துக்கிட்டுப் போ.”

பெரியவர்கள் இப்படி மாற்றி மாற்றிப் பேசுவது எனக்குப் பழக்கம்தான்.

அந்த நேரத்தில்தான் உலகக் கோப்பை வந்தது. எங்கள் பக்கத்தில் கலர் டி.வி. இருந்தது முதலாளி வீட்டில் மட்டும். ஆட்டம் உள்ள நாளில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஊரே அங்கே போகும். வாசலில் செருப்புகள் மலை மாதிரி கிடக்கும். உள்ளே முதலாளிக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. மீன் விற்கும் பெங்காலி தாதா, டீக்கடைச் சேட்டன், லோடு ஏற்றும் ஆட்கள், எல்லாரும் ஒரே கட்சி. மஞ்சள் சட்டை போட்டு ஆடிய நாட்டின் கட்சி. நாட்டின் பெயரை எழுதினால் எழுத்துப் பிழை வரும். மஞ்சள் என்றே வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அவர்களை எதிர்த்து ஆடியவர்கள் வெள்ளைச் சட்டை.

நான் மாமாவின் மடியில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு, “என்னா மொதலாளி, படம் சரியில்லயே” என்றார். “பனி மூடுனாப்புல இருக்கு. எங்க தோட்டத்துல விடியக்காலம் இப்பிடித்தான் இருக்கும்.”

முதலாளிக்குச் சுருக்கென்றது. “யோவ் டிரைவரே! மெட்ராஸ்ல இருந்து இதுக்குக் கேபின் டிக்கெட் எடுத்து, மெத்தையில படுக்கப் போட்டுக் கொண்டாந்தேன்யா. நான் கீழ்த்தட்டுப் பங்க்குல படுத்து வாந்தி எடுத்துக்கிட்டு வந்தேன். இதப் போயி பனிங்கிற!”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் முதலாளி மானஸ்தர். கிளீனர் அண்ணனை மழையோடு மழையாகக் கூரை மேல் ஏற்றி ஆண்டெனாவைத் திருப்பச் சொன்னார். தகரத்தின் மேல் தடதடவென்று கால் சத்தம்.

“இப்ப எப்பிடி?” என்று மேலிருந்து கத்தினான்.

“இல்ல, இன்னும் தெளியல” என்றார் மாமா.

“இப்ப?”

“ம்ஹூம்.”

ஆண்டெனா திரும்பத் திரும்ப, அதுவரை நன்றாக இருந்த படம் உண்மையாகவே புள்ளி புள்ளியாகிவிட்டது. ஹாலே ஓவென்று கத்தியது. பழையபடியே வைக்கச் சொல்லி அவனை இறக்கினார்கள். நனைந்த கோழி மாதிரி வந்து மூலையில் உட்கார்ந்தான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கோல்கீப்பரின் கையுறையில் ஒட்டியிருந்த புல்கூட எனக்குத் தெரிந்தது.

மஞ்சள்காரர்கள் அன்றைக்கு அலை அலையாகத் தாக்கினார்கள். ஒரு பந்து கம்பத்தில் அடித்து வெளியே போனது. ஒன்று கோல்கீப்பரின் முழங்காலில் பட்டுத் திரும்பியது. ஆனால் கோல் மட்டும் விழவில்லை. கோல் பக்கத்தில் போய்ப் பந்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

“அடிக்காம என்னாத்துக்குத் தடவிக்கிட்டு இருக்கான்?” என்றார் மாமா.

“அரே டிரைவர் பாய்,” என்றார் தாதா, “பாஸ் குடுத்துதான் போகணும். தேக்கோ, எவ்ளோ சுந்தர் கேம்!”

“அழக வச்சு என்னா செய்ய தாதா? மீனுக்குப் பவுடர் பூசியா விக்கிறீங்க?”

“பவுடர் வேணாம். நம்ம மீன் அப்படியே ஹீரோயின்.”

“எந்தா இது,” என்று சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார். “அவனோட கமென்டரி இதைக் காட்டிலும் மோசம். பந்து ஒரு பக்கம் போகுது, ஆளு வேற கதை பறையுது.”

இந்தியில் வர்ணனை செய்தவர் அப்போது வீரர் ஒருவரின் அப்பா என்ன தொழில் செய்தார் என்பதை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இடைவேளையில் சோப்பு விளம்பரம் நீண்டுகொண்டே போய், மறுபாதி ஆரம்பித்த பிறகுதான் மைதானத்தைக் காட்டினார்கள். அதற்கு முதலாளியே எழுந்து நின்று டி.வி.யைப் பார்த்துக் கையை ஓங்கினார். அப்படி ஒரு சந்தோஷமான கோபம் அந்த ஹாலில் இருந்தது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அது நடந்தது. மஞ்சள்காரர்கள் எல்லாரும் எதிரியின் கோல் பக்கம் போய் நின்றார்கள். பந்து பறிபோனது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் ஆளில்லாத பாதி மைதானத்தில் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினான். ஹாலில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா மட்டும் என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார்.

“போ! போ! இப்பிடித்தான் போவணும்! எவனுக்கும் குடுக்காத! அடி... அடி ராஜா!”

அவன் அடித்தான். வலை உப்பியது.

மாமா குதித்தார். தகரக் கூரை அதிர்ந்தது என்றே எனக்குத் தோன்றியது. குனிந்து தாதாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாத்தீங்களா தாதா? ஒத்த ஆளு! தடவாம போயி அடிச்சான் பாத்தீங்களா?”

யாரும் அசையவில்லை. தாதா மாமாவின் கைக்குள் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ஏன், எல்லாரும் என்னா உக்காந்திருக்கீங்க?” என்றார் மாமா. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான். எப்படி வந்ததென்று தெரியவில்லை. “மாமா, அது வெள்ளச் சட்ட மாமா. நம்ம ஆளு இல்ல” என்றேன்.

வர்ணனைக்காரர் மட்டும் கத்திக்கொண்டிருந்தார். மழை கூரையில் கொட்டியது. மாமா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு டி.வி. பக்கம் திரும்பினார். மெதுவாக அதன் அருகில் போய், முகம் திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து நின்றார். அவருடைய நிழலில் படம் முழுக்க மறைந்துபோனது. உட்காரச் சொல்லி யாரும் கத்தவில்லை. வேறு யாராவது மறைத்திருந்தால் செருப்பு பறந்திருக்கும்.

மாமா முதலாளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியவர் சேட்டன்தான். “படம் சரியில்லா” என்றார். “எனக்கும் அதே தோணியது. வெள்ளையும் மஞ்சளும் ஒரு போல.”

தாதா தொண்டையைச் செருமினார். “ஹாங், ஹாங். டிவியில கலர் டிக் நஹி. நானும் நம்ம கோல்தான் நினைச்சேன். பில்குல் அப்படித்தான்.”

“ஆண்டெனாவை நான்தான் சரியா வைக்கல” என்றான் மூலையிலிருந்து கிளீனர் அண்ணன்.

லோடு ஆட்கள் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் படம் ஆடியதாம். ஒருவருக்கு எல்லாச் சட்டையும் பச்சையாகத் தெரிந்ததாம். எல்லாரும் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார்கள். கடைசியில் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“ஆமாய்யா” என்றார். “மெட்ராஸ்காரன் ஏமாத்திப்புட்டான். ஓட்ட டி.வி.யத் தலையில கட்டிட்டான்.”

சொல்லிவிட்டு, ஆட்டம் முடியும் முன்பே சுவிட்சை அணைத்துவிட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் படம் மங்கல். எனக்கு மட்டும் தெளிவு. அப்படியென்றால் கோளாறு என் கண்ணில்தானே இருக்க வேண்டும்? விடிந்ததும் அம்மாவிடம் போய், “எனக்குக் கண்ணு சரியில்லம்மா” என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனார். இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். திரும்பி வந்தபோது முடிவாகியிருந்தது. என்னைப் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பா ஊரில் இல்லாததால் மாமா துணைக்கு வர வேண்டும்.

“எனக்கு லாரி இருக்கே தங்கச்சி” என்றார் மாமா.

லாரி இல்லை. காலையிலேயே முதலாளி ஆள் விட்டிருந்தார். கியர் பாக்ஸ் கெட்டுவிட்டதாம், சாமான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டுமாம். நான் போய்ப் பார்த்தேன். லாரியை மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, டயரையெல்லாம் கழற்றி வைத்திருந்தார்கள். கியர் பாக்ஸுக்கு எதற்கு டயரைக் கழற்ற வேண்டும் என்று கேட்க நினைத்தேன். முந்தின நாள் வாய் திறந்து பட்டது போதும் என்று வந்துவிட்டேன். அந்த மாதம் எங்கள் ஊரில் நன்றாக இருந்த சாமானெல்லாம் கெட்டுப்போனது.

ஆஸ்பத்திரிக்கு நான், அம்மா, அத்தை, மாமா நாலு பேரும் பஸ்ஸில் போனோம். அத்தை எதற்கு என்று மாமாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கண் பிரிவின் பெஞ்சில் கண் சிவந்த ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மெட்ராஸ் ஐ பரவியிருந்தது. நர்ஸம்மா என்னைப் பார்த்து, “யார் பக்கத்துலயும் ஒட்டி உக்காராத தம்பி. கண்ணு நோய் ஒருத்தர்ட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்திக்கும்” என்றார். நான் உடனே மாமாவின் மடியிலிருந்து இறங்கினேன். ஆனால் பஸ்ஸில் வழி முழுக்க அந்த மடியில்தான் வந்திருந்தேன்.

டாக்டரம்மா சுவரில் மாட்டிய அட்டையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்துவிட்டேன். படிக்கப் படிக்கப் பயமாக இருந்தது, பொய் சொன்னதாகத் திட்டுவாரோ என்று. அவர் திட்டவில்லை. அம்மா அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார்.

“பையன் பயப்படுறான். நீங்களும் ஒரு தடவை உக்காந்து காட்டுங்க” என்றார் மாமாவிடம்.

“எனக்கு எதுக்குங்க?”

அத்தைதான் முன்னால் வந்தார். மாமாவின் முழங்கையைப் பிடித்து நாற்காலி வரை கொண்டுபோய் விட்டார். மாமா உட்கார்ந்தார். கையை ஸ்டியரிங் பிடிப்பது போல முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

“முதல் எழுத்து என்ன?”

மாமா கழுத்தை முன்னால் நீட்டினார். எங்கள் விளையாட்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கேயாவது மாமாவை ஜெயிக்க விடலாம் என்று பக்கத்தில் போய், “ஈ மாமா, பெரிய ஈ” என்று கிசுகிசுத்தேன்.

“ஈ” என்றார் மாமா.

“அடுத்தது?”

“எஃப்பு மாமா.”

“எஃப்பு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “தம்பி, நீ கொஞ்ச நேரம் வெளிய இரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் வெளியே பெஞ்சின் ஓரத்தில், யாரையும் தொடாமல் நின்றேன். கதவு திறந்தபோது மாமா வெளியே வந்து, சுவரைத் தடவி, என்னைத் தாண்டிப் போனார். அம்மா அழுதிருந்தார். அத்தை அழவில்லை. பல நாள் கழித்துத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, மெயின்லேண்ட் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. விளங்கியதாக நினைத்தேன். காலையில் கோளாறு என் கண்ணில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது என் கண் நன்றாகிவிட்டது, மாமாவின் கண் கெட்டுவிட்டது. மடியில் உட்கார்ந்து வந்ததில் அது மாமாவிடம் தொத்திக்கொண்டுவிட்டது. நர்ஸம்மாதான் சொன்னாரே.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மாமாவின் பக்கம் போவதை விட்டேன். அவர் கூப்பிட்டால் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன். அவர் கப்பல் ஏறிய நாளில் கப்பல் அணையும் ஜெட்டியில் எல்லாரும் கூடியிருந்தோம். முதலாளி அவருக்கும் அத்தைக்கும் கேபின் டிக்கெட் எடுத்திருந்தார். “டி.வி.யே கேபின்ல வந்துச்சு, நீ பங்க்குல போவியாய்யா?” என்றார். மாமா என் தலையைத் தடவக் கை நீட்டினார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீட்டிய கை கொஞ்ச நேரம் காற்றிலேயே இருந்தது.

“லாரி போனதும் மருமகன் நம்மள மறந்துட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

மாமா இல்லாத நாட்களில் முதலாளி புது ஆண்டெனா வாங்கிப் போட்டார். மூங்கில் உயரத்தில் பளபளவென்று நின்றது. படம் எனக்கு முன்பு எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் தெரிந்தது. லாரிக்குப் புது டிரைவர் வந்தார். கப்பலில் சாமான் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை, ஆனால் டயரை மாட்டியதும் கியர் பாக்ஸ் சரியாகிவிட்டது.

மழைக்காலம் பாதி போன பிறகு மாமா திரும்பி வந்தார். சோடா புட்டி அடிப்பாகம் மாதிரி தடித்த கண்ணாடி. அதற்குப் பின்னால் கண் இரண்டும் ஆட்டுக்கண் மாதிரி பெரிதாக இருந்தன. இனி லாரி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். முதலாளி அவரைக் கல் டிப்போவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஜெட்டியிலிருந்து வீட்டுக்கு அதே லாரியில் வந்தோம். புது டிரைவர் ஓட்டினார். நடுவில் மாமா, ஓரத்தில் நான். தொடாமல் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

“மருமகனே” என்றார் மாமா. “நீயா நானா?”

நான் பதில் சொல்லும் முன்னே, “பஸ்ஸு! செவப்புக் கோடு போட்டது. முன் சீட்டுல ஒரு பொம்பள, மடியில கோழி!” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பஸ் வெகுதூரத்தில் இருந்தது. கோழி இருந்ததா என்று அது நெருங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. இருந்தது. மாமா கை தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், மறுபடி துடைத்தார். ஒரு சின்னப் பையனை ஜெயித்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று புது டிரைவர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அதே எண்ணம்தான். தோற்ற எரிச்சலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் கல்கத்தா கிளப்புகள் இரண்டு மோதிய ஆட்டத்தை டி.வி.யில் காட்டினார்கள். முதலாளி வீட்டில் பழையபடி கூட்டம். மாமாவைத் தரையில் உட்கார விடாமல் முதலாளி இன்னொரு நாற்காலி போட்டார். ஆட்டம் ஆரம்பித்ததும் ஒருவரும் டி.வி.யைப் பார்க்கவில்லை. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். எப்போதும் அந்த ஹாலுக்குள் வராத அத்தைகூடக் கதவருகே வந்து நின்றார்.

“என்ன டிரைவரே” என்றார் முதலாளி. இப்போதும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார். “புது ஆண்டெனா. படம் எப்படி?”

மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்தார்.

“படத்துக்கு என்னா மொதலாளி? படம் நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆட்டந்தான் கேவலம். ஒருத்தனாச்சும் கோலைப் பாத்து ஓடுறானா பாருங்க!”

ஹால் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. தாதா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சேட்டன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கிளீனர் அண்ணன் எழுந்து ஒரு ஆட்டம் போட்டான். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் கதவில் சாய்ந்திருந்தார். முதலாளி ஏனோ எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறித் தாக்கிக்கொண்டிருந்தார்கள். மாமாவிடம் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரும் மாமா சொன்னதை ஒத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம், கேவலம் கேவலம் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு, இரண்டு கண்ணையும் நன்றாகக் கசக்கிவிட்டு, மறுபடி பார்த்தேன்.

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை